முழங்காலுக்குக் கீழே நாலு விரல்

இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவனைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலுக்குப் பின்னால் ஊசி குத்தினார் அந்த அம்மா. "வலி இங்கே" என்று கையை வளைத்து இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். "தெரியும், அசையாதீங்க" என்றார், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் சீன வைத்தியரை சின்சே என்போம். எங்கள் பிளாக்கிலிருந்து இரண்டு பிளாக் தள்ளி, கீழ்த்தளத்தில் பழக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே இருக்கிற சின்ன அக்குபஞ்சர் கிளினிக் அது. சின்சேவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய், மீதியைக் கையால் பேசிவிடுவார். எனக்கு ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு வேலை. கணக்கு என்று பெயர்தான், ஆள் இல்லாத நாளில் பெட்டியும் தூக்கவேண்டும். அப்படித் தூக்கியதில் பிடித்துக்கொண்டது. அரசு பாலிகிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான் என்று சொல்லி மாத்திரையும் பிசியோதெரபிக்குச் சீட்டும் கொடுத்தார்கள். இதை முதலில் செய்துவிட்டுத்தான் சின்சேயிடம் போனேன், நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள். கால் மரத்துப்போவது, சிறுநீர் அடங்காமல் போவது, வலியோடு காய்ச்சல், இதில் எது இருந்தாலும் ஊசி கீசி என்று யோசிக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

உண்மையைச் சொன்னால் அவரிடம் போவதற்கு முன்னாலேயே நானே வைத்தியம் ஆரம்பித்திருந்தேன். போனில் ஒரு படம் கிடைத்தது, மனித உருவம் முழுக்கச் சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வியாதி. தலைவலியா இங்கே, அஜீரணமா அங்கே. லிஃப்ட் பட்டன் மாதிரி அழுத்தினால் கதவு திறக்கும் என்று நினைத்து, பேனா மூடியால் இரண்டு நாள் அழுத்து அழுத்து என்று அழுத்தியதில் காலில் நாலு இடத்தில் நீலம் பாரித்ததுதான் மிச்சம். அதைச் சின்சேயிடம் காட்டினேன், சிரித்தார். என் வலது முழங்காலை மடக்கச் சொல்லி, சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கிற சின்னக் குழியில் என்னுடைய நாலு விரலையே படுக்கவாட்டில் வைக்கவைத்தார். விரல்கள் முடிகிற இடத்தில், கெண்டைக்காலின் முன்னெலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளித் தன் கட்டைவிரலை வைத்தார். உடனே அழுத்தவில்லை. விரலை மேலும் கீழும் மெதுவாக நகர்த்தினார், எதையோ தேடுகிற மாதிரி. ஒரு இடத்தில் விரல் சற்றே உள்ளே இறங்கியது, எனக்கே தெரிந்தது. அங்கே அழுத்தியதும் "ஆ" என்றேன். பேனா மூடி வைத்த இடம் அதிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, நேரே எலும்பின்மேல் இருந்தது.

அந்த இடத்துக்கு சூசான்லி என்று பெயர். சூ என்றால் கால், சான் என்றால் மூன்று, லி என்பது சீனத்தின் பழைய தூர அளவு. முழங்காலுக்குக் கீழே மூன்று சுன் தூரத்தில், அதாவது நாலு விரல் அகலத்தில், இருப்பதால் அந்தப் பெயர் என்பது ஒரு விளக்கம். களைத்த வழிப்போக்கன் அங்கே அழுத்திவிட்டால் இன்னும் மூன்று லி நடப்பான் என்பது சின்சேமார் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை. அட்டவணைகளில் இதே இடம் எஸ்டி 36, அதாவது உடம்பில் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளில், வயிற்றுப் பாதையின் 36ஆவது இடம்.

அன்று எனக்குத் தட்டியது ஒரு விஷயம். நாம் அக்குபஞ்சர் புள்ளி, புள்ளி என்கிறோம். சீனத்தில் அதற்கு ஷுவே என்று பெயர், குகை, பொந்து, குழி என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அது பாயின்டாகி, அங்கிருந்து நம்மிடம் புள்ளியாக வந்து சேர்ந்திருக்கிறது. புள்ளி என்றால் காகிதத்தில் வைத்துவிடலாம், பள்ளத்தை விரல்தான் தேடிப் பிடிக்கவேண்டும். பெயர்களைப் பார்த்தாலே இது புரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருப்பது ஹெகு, கூடும் பள்ளத்தாக்கு. உள்ளங்காலில் இருப்பது யோங்ச்சுவான், பொங்கும் ஊற்று. முழங்கையை மடக்கினால் மடிப்பின் ஓரத்தில் சூச்சி, வளைந்த குளம். விரல் நுனியில் தொடங்கி முழங்கை, முழங்கால் வரை வருகிற முக்கியமான இடங்களை ஐந்து வகையாகப் பிரித்து கிணறு, ஊற்று, ஓடை, ஆறு, கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சூசான்லி கடல் வகை. யாரோ வாய்க்கால் வெட்டிப் பழகின ஊர்க்காரர்கள் உடம்பைப் பார்த்து வைத்த பெயர் மாதிரி இருக்கிறது, காவிரிக்கரையில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் உடனே பிடித்துப்போகும்.

எத்தனை குழிகள் என்று கேட்பீர்கள். கை கால் வழியாக ஓடும் பாதைகள் பன்னிரண்டு, அவற்றில் 309 இடங்கள். உடம்பின் நடுக்கோட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பாதைகள், அவற்றில் 24ம் 28ம். மொத்தம் 361. ஆனால் 309ம் இரண்டு பக்கமும் இருப்பதால் உண்மையில் குத்தக்கூடிய இடம் 670 ஆகிவிடுகிறது. சீனாவின் 2006 தேசியத் தரம் புருவ மத்தியையும், அதாவது நாம் பொட்டு வைக்கிற அதே இடத்தையும், முதுகுப் பாதையில் சேர்த்து 362 ஆக்கிவிட்டது. இவை போக பாதையில் சேராத தனி இடங்கள் வேறு. இத்தனை நூற்றாண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் இடம் எது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் பிரிவு 2008ல் வெளியிட்ட தரநூலுக்காகச் சீன, ஜப்பானிய, கொரிய வல்லுநர்கள் உட்கார்ந்தபோது 92 இடங்களில் கருத்து ஒத்துவரவில்லை. பேசிப் பேசித் தீர்த்த பிறகும் 6 இடங்கள் பாக்கி. உள்ளங்கை நடுவில் இருக்கிற இடம் ஆள்காட்டி, நடுவிரல் எலும்புகளுக்கு இடையிலா, நடுவிரல், மோதிரவிரல் எலும்புகளுக்கு இடையிலா என்பது அதில் ஒன்று. போன் படத்தை நம்பிப் பேனா மூடியை எடுத்தவன் இதைப் படித்தபோது எப்படி விழித்திருப்பேன் என்று பாருங்கள்.

ஊருக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னால் அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஏம்பா, அது நம்ம வர்மம்தானே, போதிதருமர் கொண்டுபோனது." எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை இது சுற்றும். வர்மத்துக்குத் தனிக் கணக்கு, படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. அது தனி மரபு, அதற்கு இன்னொருவரிடமிருந்து பெருமை இரவல் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. போதிதருமர் சீனா போனதாகச் சொல்லும் காலம் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு. ஹுனான் மாகாணத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் 1973ல் திறந்த கல்லறை கி.மு. 168ல் மூடப்பட்டது, அதற்குள் இருந்த பட்டுச்சுவடியிலேயே உடம்பில் ஓடும் 11 பாதைகளைப் பற்றி எழுதியிருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு: அந்தச் சுவடியில் பாதைகள் இருக்கின்றன, குழிகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "சரி சரி, சாப்பிட்டியா" என்றார்.

இடுப்புக்கு ஏன் முழங்கால் என்ற கேள்விக்கு வருகிறேன். சிறுநீர்ப்பைப் பாதை என்று ஒன்று, இருப்பதிலேயே நீளமானது, 67 இடங்கள். கண்ணின் உள்மூலையில் தொடங்கி உச்சந்தலை ஏறி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இறங்கி, தொடையின் பின்பக்கமாக வந்து, சுண்டுவிரல் கால் நகத்தோரம் முடிகிறது. முழங்காலின் பின்மடிப்பு நடுவே வெய்சோங் என்ற இடம். மாணவர்களுக்கு நாலு வரிப் பாட்டு ஒன்று இருக்கிறதாம், வயிற்றுக்கு சூசான்லி, முதுகுக்கு வெய்சோங், தலைக்கும் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கு மேலே ஒரு இடம், முகத்துக்கும் வாய்க்கும் ஹெகு என்று. நம் சித்த மருத்துவத்தில் மூலிகையைப் பாட்டாக வைத்திருக்கிற மாதிரிதான்.

ஊசி வலிக்குமா? உள்ளே போகும்போது எறும்பு கடிக்கிற அளவுகூட இல்லை. மயிரிழை மாதிரி, கால் மில்லிமீட்டர் பருமன். ரத்தம் எடுக்கிற ஊசி இதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். ஆனால் உள்ளே போனபின் சின்சே அதை இரண்டு விரலால் திருகும்போது ஒரு உணர்வு வரும் பாருங்கள், அதை வலி என்று சொல்லமுடியாது. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் திம்மென்று கனக்குமே அந்த மாதிரி, மலை ஏறி இறங்கிய மறுநாள் கெண்டைக்கால் இருக்குமே அந்த மாதிரி, இரண்டும் கலந்து. இதற்கு டேச்சி என்று பெயர். இது வந்ததா என்று அவர் ஒவ்வொரு ஊசிக்கும் கேட்பார், வந்தது என்று சொன்னால்தான் கையை எடுப்பார். முதல் நாள் எதற்குத் தொந்தரவு என்று எல்லாவற்றுக்கும் வந்தது வந்தது என்று சொல்லிவைத்தேன். அப்படிச் சொல்லாதீர்கள், அவருக்கு வழிகாட்டுவதே நம் பதில்தான். மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்று இழுத்தால் மட்டும் உடனே சொல்லிவிடவேண்டும், அது நரம்பு.

இரண்டாவது தடவை போனபோது "உங்க கிட்னி வீக்" என்றார். நான் வீட்டில் வந்து சொல்லிவிட்டேன். "ஏங்க, ஒரு வருஷமா தண்ணியே குடிக்கறதில்லைன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல" என்று மனைவி அழாத குறை. மறுநாள் பாலிகிளினிக்கில் ரத்தம் கொடுத்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட் வருகிறவரை தூக்கமில்லை. நார்மல். அந்தத் தாளைக் கொண்டுபோய்ச் சின்சேயிடம் நீட்டினால், அவர் புரியாமல் பார்க்கிறார். சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்றால் அவரைவிதை வடிவ உறுப்பு மட்டும் இல்லை. இடுப்பு, முழங்கால், எலும்பு, காது, வயதாவது எல்லாம் அந்தக் கணக்கில் வருகிறது. இடுப்பு வலிக்கு முதுகெலும்பின் இருபக்கமும் குத்துகிற இடத்துக்கே ஷென்ஷு என்று பெயர், ஷென் என்றால் சிறுநீரகம். அவர் சொன்னது உன் இடுப்புப் பக்கம் பலம் குறைந்திருக்கிறது என்பதற்கு மேல் அதிகமில்லை. கல்லீரல், மண்ணீரல், இதயம் என்று என்ன சொன்னாலும் இதே கதைதான். அது வேறு அகராதி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒட்டிப் படிக்கக்கூடாது. இதைத் திருப்பியும் பார்க்கவேண்டும்: உங்களுக்கு உண்மையிலேயே சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்த ஷென்ஷு ஊசியால் கிரியாட்டினின் இறங்காது.

மூன்றாவது தடவை நான் செய்தது சுத்த முட்டாள்தனம். வேலைக்குப் போகுமுன் காலையில் சின்சேயிடம் ஓடினேன், ஒரு காப்பிகூடக் குடிக்கவில்லை. முந்தின நாள் மறுபடி பிடித்துக்கொண்டதால் சின்சே இந்தத் தடவை கையின் முதுகுப்புறத்தில் இரண்டு ஊசி குத்தினார். திடீர்ப் பிடிப்புக்கு அங்கே இரண்டு தனி இடங்கள், பாதை எதிலும் சேராதவை. ஊசியைத் திருகிவிட்டு "நடங்க, குனிங்க, நிமிருங்க" என்றார். நடந்தேன். குனிந்தேன், நேற்று முழங்கால்வரைகூட எட்டாத கை இன்று கெண்டைக்கால் தொட்டது. அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்தேனோ இல்லையோ, கண்ணில் பூச்சி பறந்தது, சட்டை நனைந்தது, வாயில் எச்சில் ஊறியது, சுவர் தூரமாகப் போனது. அடுத்து ஞாபகம் வரும்போது தரையில் படுத்திருக்கிறேன், கால்கள் நாற்காலிமேல், ஊசிகள் இல்லை, சின்சே வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரை ஊட்டிக்கொண்டிருக்கிறார். இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், யுன்ஜென், ஊசி மயக்கம். பசி, பயம், தூக்கமின்மை மூன்றில் ஒன்றோடு போனால் யாருக்கும் வரலாம். வயிற்றில் இரண்டு இட்லியாவது இருக்கவேண்டும். முதல் தடவையாக இருந்தால் படுத்துக்கொண்டே குத்திக்கொள்ளுங்கள்.

கையில் குத்தியதால்தான் குனிய முடிந்ததா? இதைப் பல நாள் யோசித்தேன். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை செய்து 2007ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு முறையான அக்குபஞ்சர், இன்னொரு பிரிவுக்கு அக்குபஞ்சர் இடமே இல்லாத இடங்களில் மேலாக ஒப்புக்கு ஊசி, மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பலன் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். முதல் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசி உதவியிருக்கிறது, ஆனால் இந்த இடத்தில்தான் குத்தவேண்டும் என்ற பிடிவாதத்துக்குக் கிடைத்த லாபம் மிகக் கொஞ்சம். சின்சேயிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் எனக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: ஒரு மில்லிமீட்டர் தப்பினால் பலிக்காது, ரகசியப் புள்ளி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எவர் சொன்னாலும் நான் எழுந்துவிடுவேன்.

இடம் முக்கியமாவது வேறு ஒரு காரணத்துக்காக. தோளின் மேற்புறம், மேல்முதுகு, மார்பு, இந்த இடங்களில் தோலுக்குக் கீழே கொஞ்சதூரத்திலேயே நுரையீரல். ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். சிகிச்சை முடிந்து சில மணிநேரம் கழித்து மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ அவசரப் பிரிவுக்குப் போய், எங்கே ஊசி குத்தினார்கள் என்பதைச் சொல்லவேண்டும். ஹெகுவும், கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் நாலு விரல் தள்ளி இருக்கிற இடமும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்பது மரபு. இது தெரியாமல் மாசமாக இருந்த மச்சினிக்குத் தலைவலி என்றதும் ஹெகுவை அழுத்தச் சொல்லி மெசேஜ் டைப் செய்து, அனுப்புமுன் அழித்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஊசியில் மின்சாரம் இணைக்கிற முறைக்கு ஒத்துக்கொள்ளக்கூடாது. ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்முன் கிழிக்கிறார்களா என்று பாருங்கள், ஒருமுறைதான் பயன்படுத்தவேண்டும். சிங்கப்பூரில் 2000ல் சட்டம் வந்ததிலிருந்து சீன வைத்தியர்கள் பதிவு செய்தாகவேண்டும், பெயரை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். அப்புறம், சர்க்கரை மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடு, ஒரு விரல் தொட்டால் போதும் என்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. என் சொந்தத்திலேயே ஒருவர் அப்படி நிறுத்திவிட்டு ஐசியூவில் கண் விழித்தார். அதற்குமேல் இதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

அழுத்துவதற்கு மட்டும் வீட்டில் ஒரு இடத்தைப் பழகிவைத்திருக்கிறோம். நெய்குவான், உள்வாசல். மணிக்கட்டு மடிப்பிலிருந்து இரண்டு சுன், அதாவது மூன்று விரல் அகலம், மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவே. குமட்டலுக்கு. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல் வாந்தியை இந்த இடத்தைத் தூண்டுவது குறைக்கிறது என்று 2015ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 59 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறது, எனவே இதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. மலேசியாவின் கெந்திங் மலை ஏறும் பஸ்ஸில் மகள் ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுப்பாள். ஒன்பது வயது. போன தடவை என் மூன்று விரலை அவள் மணிக்கட்டில் வைத்து அளந்து, கொண்டை ஊசி வளைவு முழுக்க அழுத்தினேன். அவளும் முழுக்க வாந்தி எடுத்தாள்.

சின்சேயிடம் சொன்னதும் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரோட விரல்?" என்று கேட்டார். அங்கேதான் கோட்டைவிட்டிருந்தேன். சுன் என்பது செண்டிமீட்டர் மாதிரி எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. நோயாளியின் கட்டைவிரல் மூட்டு அகலம் ஒரு சுன், நோயாளியின் நாலு விரல் சேர்ந்தால் மூன்று, நோயாளியின் மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்புவரை பன்னிரண்டு. வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். அவளுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை 18 செண்டிமீட்டர், அப்படியென்றால் அவளுடைய சுன் ஒன்றரை, இரண்டு சுன் என்பது 3 செண்டிமீட்டர். என் மூன்று விரல் 5க்கு மேல். குழந்தையின் கையில் இரண்டு செண்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் எங்கோ அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தசைநாரைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி காட்டினார். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கினால் நடுவில் ஒரு நார் கம்பி மாதிரி விறைத்து நிற்கும், அதற்கும் கட்டைவிரல் பக்கத்து நாருக்கும் இடைப்பட்ட பள்ளம்தான் வாசல். வலது கையில் செய்து காட்டினேன், நின்றது. இடது கையில் எவ்வளவு மடக்கியும் ஒன்றுமே எழும்பவில்லை. சின்சே தடவிப் பார்த்துவிட்டு "இல்லை" என்றார். பயந்துவிட்டேன், கிட்னி ஞாபகம். சிலருக்கு ஒரு கையிலோ இரண்டு கையிலோ அந்தத் தசையே பிறவியில் இருக்காதாம், அதனால் கையின் பலம் குறையாது. அப்படிப்பட்டவர்களுக்கு இருக்கிற ஒற்றை நாரின் சுண்டுவிரல் பக்கம்தான் அடையாளம்.

என் இடுப்பு ஆறு தடவை போனதில் அடங்கியது, தடவைக்கு 45 சிங்கப்பூர் வெள்ளி. பிசியோதெரபிக்காரர் சொன்ன பயிற்சியையும் விடாமல் செய்தேன், பெட்டியை முழங்காலை மடக்கித் தூக்கப் பழகினேன், அதனால் முழுப் புகழையும் வெய்சோங்குக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

இந்த ஜூன் விடுமுறையில் மறுபடி கெந்திங். முன் சீட், காலையில் வெறும் ரொட்டி, மகள் தன் மூன்று விரலாலேயே தன் கையை அளந்து, விரல்களைச் சேர்த்து நாரை எழுப்பி, பள்ளத்தைக் கண்டுபிடித்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாந்திப் பையைத் திறக்கவேண்டி வரவில்லை. மேலே போய்ச் சேர்வதற்குள் பின்சீட்டுச் சீனக் குழந்தைக்கும் அளந்து காட்டிவிட்டு, என் இடது கையை இழுத்து மடக்கிப் பார்த்து பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்க அப்பாவுக்கு மட்டும் கம்பியே இல்லை."